இடது காதில் பனி

என் இடது காது மேட்டுப்பாளையம் பஸ்ஸில் அடைத்துக்கொண்டது, ஒருநாள் அதே பஸ்ஸில் திறந்துகொள்ளும் என்று ஏறக்குறைய இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். இந்த வாரப் பத்தியில் அதற்கு அதிக இடம் கிடைக்காது.

மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கீழே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறிப் பாதி மலை வந்ததும் இரண்டு காதும் பஞ்சு வைத்தாற்போல அடைத்துக்கொள்ளும். எச்சில் முழுங்கினால் 'டப்' என்று திறக்கும். திறந்ததும் பஸ்ஸின் இரைச்சல், பின்சீட்டுக் குழந்தையின் அழுகை, கண்டக்டரின் விசில் எல்லாம் புதிதாக வாங்கியதுபோல வந்து விழும்.

சின்ன வயதில் இதை வைத்து எங்களுக்குள் ஒரு போட்டியே உண்டு. யார் காது முதலில் திறக்கிறது என்று. "தொறந்துருச்சு!" என்று கத்த வேண்டும். நான் எப்போதும் பொய்யாகத்தான் கத்துவேன். அடைத்த காதோடு ஜெயித்துவிட்டு, ஊர் வந்து சேரும்வரை யார் என்ன கேட்டாலும் தலையாட்டிக்கொண்டே வருவேன். பிற்காலத்தில் எனக்கு மிகவும் உதவிய பயிற்சி அது.

அன்றைக்கு ஒரு தை மாதக் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். லேசாகச் சளி. வழக்கம்போல அடைத்தது, வழக்கம்போல முழுங்கினேன். வலது காது திறந்தது. இடதுக்குள் தூரத்தில் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம் மட்டும் இருந்தது. எங்கள் ஊரான அரவேணுவில் இறங்கி வீடுவரை முழுங்கிக்கொண்டே நடந்தேன்.

நாளைக்குச் சரியாகிவிடும் என்று படுத்தேன். மறுநாளும் அந்த விசில் அடங்கவில்லை.

வாயைத் திற, மூக்கைப் பிடி

என்னுடைய தர்க்கம் எளிமையானது. மலை ஏறும்போது அடைத்தது. மறுபடி இறங்கி ஏறினால் திறக்க வேண்டும். துருப்பிடித்த நட்டை முன்னும் பின்னும் ஆட்டிக் கழற்றுகிறோம் இல்லையா, அதுபோல.

வார லீவு வந்ததும் பஸ் ஏறி மேட்டுப்பாளையம் போவேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். வழியெல்லாம் புளிப்பு மிட்டாயைச் சப்பிக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு, மூக்கைப் பிடித்துக் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டு. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள்.

ஏழாவது எட்டாவது தடவை கண்டக்டர் என்னிடம் குனிந்தார்.

"ஏனுங்கண்ணா, மேட்டுப்பாளையத்துல இன்னொரு ஊடு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இருந்தா ஒரு டீயோட திரும்பி வருவனா? சாப்பாடாச்சும் போட மாட்டாளா?" என்றேன்.

பஸ்ஸே சிரித்தது. இந்தக் கேள்வியும் பதிலும் என் மனைவி சரோஜாவிடம் வந்து சேர மூன்று நாள் ஆனது. கேள்வி மட்டும் வந்து சேர்ந்தது, பதில் வரவில்லை.

அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், எனக்குக் கேட்கவில்லை. இரண்டில் எது என்று அப்போது தெரியாது.

ஸ்க்ரூடிரைவர் வித்வான்

அப்போது நான் ஒரு தனியார் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். அங்கே இலையை நசுக்கும் மெஷினில் பல் வெட்டிய இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் எதிரெதிராகச் சுற்றும். அப்படி நாலு மெஷின் வரிசையாக. அந்த இரைச்சலில் இருபது வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறேன். காதுக்கு அடைப்பான் போட்டுக்கொள்ளச் சொல்லிச் சுவரில் ஒரு போர்டு இருந்தது. அதைக் கோணாமல் மாட்டிக்கொடுத்ததே நான்தான்.

ஃபிட்டருக்குக் கை எவ்வளவு முக்கியமோ காது அவ்வளவு முக்கியம். உருளை சுற்றும் பேரிங் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன் மூடிமேல் வைத்து, மரப்பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பில் அழுத்திக் கேட்பது வழக்கம். நல்ல பேரிங் 'உம்ம்' என்று ஒரே சீராகப் பாடும். தேய்ந்தது மணலை மெல்லுவதுபோல நறநறக்கும். நான் கண்ணை மூடித் தலையை லேசாக ஆட்டிக் கேட்பேன். "வித்வான் கச்சேரியில இருக்காரு" என்று இலை அள்ளுகிற பெண்கள் கேலி செய்வார்கள்.

இடது காது போனதும் ஸ்க்ரூடிரைவரை வலதுக்கு மாற்றினேன். அங்கேயும் பாட்டு மங்கலாகத்தான் வந்தது. பயந்துபோய் மரப்பிடியைப் பல்லில் கடித்துப் பார்த்தேன். அதிர்வு தாடையில் ஏறியது. அதை வைத்து ஒப்பேற்றத் தொடங்கினேன்.

"என்ன முருகேசண்ணா, கரும்புங்களா?" என்றாள் ஒருத்தி.

"புது டெக்னிக். ஜப்பான்ல இப்படித்தான்."

வேடிக்கை பேசுகிறவன் எதற்காக ஓயாமல் பேசுகிறான் என்று யாரும் யோசிப்பதில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்வரை எதிரே இருப்பவர் பேச மாட்டார். எதிரே இருப்பவர் பேசாதவரை எனக்குக் கேட்கவில்லை என்பது தெரியாது. அந்த இரண்டு வருடத்தில் நான் விட்ட ஜோக்குகள் எல்லாம் தடுப்புச் சுவரில் வைத்த கற்கள். அவற்றில் நாலைந்து நன்றாகவே இருந்தன.

வீட்டிலும் அதே கதைதான். சரோஜா தையல் மெஷினில் உட்கார்ந்தபடி ஏதோ சொல்வாள். உதடு அசைவது தெரியும். நான் பொதுவாக ஒரு கிண்டலை எடுத்து வீசுவேன். சில சமயம் பொருந்தும். பொருந்தாதபோது அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள்.

மேல் ரூமுக்கு வந்தவர்

எல்லோரும் செல்போனில் படம் எடுக்கத் தொடங்கியிருந்த, டிவியில் கொரியாக்காரர்கள் தமிழ் பேசிக் காதலித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டு மேல் ரூமுக்கு ஒரு நிஜக் கொரிய அம்மாள் குடி வந்தார். பெயர் ஹேசுன். கோத்தகிரிப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் அவருடைய மகள் படித்தாள். படிப்பு முடியும்வரை பக்கத்திலேயே இருப்பது என்று வந்தவர். கையில் இரண்டு பெட்டி, தோளில் பாயைப்போலச் சுருட்டிய காகிதக் கட்டு. படம் போடுகிறவர்.

டிவி பார்த்துப் பழகிய சரோஜா முதல் நாள் அவரிடம் தமிழிலேயே பேசிப் பார்த்தாள். பதில் வரவில்லை என்பதில் அவளுக்கு லேசான வருத்தம்.

ஹேசுனின் ஆங்கிலமும் என் ஃபேக்டரி ஆங்கிலமும் சந்தித்தால் 'குட்', 'நோ குட்', 'டுமாரோ' என்ற மூன்று வார்த்தைதான் மிஞ்சும். ஆனாலும் வீட்டில் அவர் சொல்வது எனக்கு மட்டும்தான் புரிந்தது. காரணம் ரொம்ப எளிது. மற்றவர்கள் அவர் பேசுவதைக் கேட்டார்கள். நான் பார்த்தேன்.

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு சாயங்காலம் மேல் வராந்தாவில் தகரக் கூரையின் ஒழுகலை அடைக்கப் போயிருந்தேன். துணிக்கொடியில் சரோஜா தைத்த ரவிக்கைகளுக்கு நடுவே ஈரக் காகிதங்கள் கிளிப் போட்டுத் தொங்கின. ஒன்றில் கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் சாம்பல் புள்ளிகள். இன்னொன்றில் மேலிருந்து கீழாக நீண்ட கறுப்புக் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் தூரிகையை அழுத்தி நிறுத்திய ஒரு குத்து.

ஹேசுன் முதல் காகிதத்தைத் தொட்டு என் முகத்துக்கு நேரே சொன்னார்: "பொஸுல் பொஸுல்." உதடு பூப்போல விரிந்து குவிந்தது. தூறல்.

இரண்டாவதைத் தொட்டார். "ஜுருக் ஜுருக்." கொட்டும் மழை. கோடு இறங்குகிறது, அடியில் குத்தி நிற்கிறது. அந்தக் 'க்' எனக்குக் காதில் விழவில்லை. காகிதத்தில் பார்த்தேன். தூரிகை நின்ற இடத்தில்தான் சத்தம் நின்றது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது என் கையில் தார் டப்பா இருந்தது.

"தமிழ்?" என்று கேட்டார். "சடசட" என்றேன். என் வாயைப் பார்த்துக்கொண்டே தூரிகையைத் தோய்த்து, சாய்வாக, அவசரமாக, குட்டிக் குட்டியாகப் பத்து இழுப்பு இழுத்தார். சடசட என்பது இப்படித்தான் இருக்கும் என்று நாற்பத்துச் சொச்சம் வயதில் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன்.

அவர் மேலே கூரையைக் காட்டி, கையைக் காதருகே குவித்து, முகம் மலரச் சிரித்தார். நானும் அண்ணாந்து பார்த்தேன். தகரம் தெரிந்தது. தகரத்தின் விளிம்பில் நீர் கம்பிகளாக இறங்குவது தெரிந்தது. அதன் சத்தம் வந்து சேரவில்லை. எங்கள் ஊரில் தகரக் கூரையில் மழை பெய்தால் பக்கத்தில் நிற்பவனிடம் கத்தித்தான் பேச வேண்டும். எனக்கு அது எப்போது நின்றுபோனது என்றே தெரியவில்லை.

நானும் முகம் மலரச் சிரித்து வைத்தேன்.

சலித்த மாவு

அதற்குப் பிறகு லீவு நாளில் மேட்டுப்பாளையம் போவது குறைந்தது. மேல் வராந்தாவுக்குப் போவது கூடியது. ஒழுகல் என்று ஒரு சாக்கு. அந்தக் கூரைக்கு நான் அடித்த தாரை வைத்து ரோடே போட்டிருக்கலாம்.

ஹேசுன் வார்த்தை வார்த்தையாகக் காட்டினார். காற்றில் தேயிலைச் செடிகளின் மேல்மட்டம் லேசாக அலைவதற்கு 'சல்லங் சல்லங்'. பச்சை மையைத் தண்ணீரில் கரைத்து ஒரே இழுப்பு. கை நடுங்குகிற இடத்தில் எல்லாம் கொழுந்து. நெஞ்சு படபடப்பதற்கு ஒரு வார்த்தை இருந்தது, அதை அவர் வட்டத்துக்குள் வட்டமாகப் போட்டார். எனக்கு அது பேரிங்கின் டிராயிங்போலத் தெரிந்தது.

ஒருநாள் சரோஜாவின் சல்லடையையும் ஒரு கிண்ணம் மைதாவையும் கேட்டு வாங்கினார். கறுப்புத் துணி விரித்து, நடுவே ஒரு டீ டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். மேலே சல்லடையைப் பிடித்துத் தட்டத் தொடங்கினார். மாவு இறங்கியது. முதலில் துணியின் கறுப்பு சாம்பலானது. பிறகு டம்ளரின் தலை வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் டம்ளர் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒரு மேடு மட்டும் இருந்தது.

"ஸொபொக் ஸொபொக்" என்றார்.

பனி விழுந்து குவிவது. எங்கள் மலையில் அப்படிப் பனி இல்லை. மார்கழி தையில் புல்லின்மேல் உப்புத் தூவியதுபோல உறைந்திருக்கும், எட்டு மணிக்கெல்லாம் காணாமல் போகும். அவருடைய ஊரில் வீட்டையே மூடுமாம்.

"சவுண்ட்?" என்று கேட்டேன்.

"நோ சவுண்ட்."

"நோ சவுண்டுக்கு எதுக்குங்க வார்த்தை?" என்று தமிழில் கேட்டேன். அவருக்கு எப்படியோ புரிந்தது. தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பளபள என்கிறோம். மினுமினு, தளதள என்கிறோம். பாத்திரம் பளபளக்கும்போது எந்தச் சத்தமும் வருவதில்லை. கண்ணுக்கு மட்டும் தெரிகிற ஒன்றுக்கு நம்மவர்களும் ஒரு சத்தத்தை வைத்திருக்கிறார்கள், அவர்களும் வைத்திருக்கிறார்கள். காது போய்க்கொண்டிருப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய சேதி என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? அரை மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். அந்த இரண்டு வருடத்தில் கணக்கில் வருகிற அரை மணி நேரம் அது ஒன்றுதான்.

பிறகு அவர் அதைப் படமாகப் போட்டார். பனியை வரையவில்லை. சுற்றிலும் இருட்டை வரைந்துகொண்டே வந்து நடுவே ஓரிடத்தைத் தொடாமல் விட்டார். விட்ட இடம் பனியாகிவிட்டது.

அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் காதுக்குள் நடப்பது இதுதான் என்று தோன்றியது. அங்கே எதுவும் அடைக்கவில்லை. விழுந்துகொண்டிருக்கிறது. டம்ளர் மறைந்துகொண்டிருக்கிறது.

அதே வாரத்தில் நான் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து ஒரு ஸ்விட்சைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சரோஜா கடைக்குப் போயிருந்தாள். திடீரென்று ஹேசுன் மேலேயிருந்து ஓடி வந்து என்னைத் தாண்டி உள்ளே போய் அடுப்பை அணைத்தார். குக்கர் அடித்துத் தீர்த்திருக்கிறது. பருப்பு கருகிய வாசனை அதற்குப் பிறகுதான் எனக்கு வந்தது. அவர் என் முன்னே வந்து நின்றார். தன் இடது காதை உள்ளங்கையால் மூடி, புருவத்தை உயர்த்தினார்.

நான் உதட்டின்மேல் விரலை வைத்தேன்.

அந்த உண்மையை உலகத்தில் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னது அப்போதுதான். வாயைத் திறக்காமலே சொன்னேன். கருகிய பருப்புக்கு, சரோஜா வந்ததும், கரன்ட் கம்பெனியைக் குறை சொன்னேன். எங்கள் அடுப்பு கேஸ் அடுப்பு.

வாயின் டிராயிங்

அதற்கப்புறம் ஹேசுன் வார்த்தைகளை விட்டுவிட்டுத் தன் மொழியின் எழுத்துக்குப் போனார். ஒரு முகத்தைப் பக்கவாட்டில் வரைந்து, கன்னத்தை வெட்டித் திறந்ததுபோல உள்ளே நாக்கை வரைந்தார். நாக்கின் அடி மேலே எழும்பி நிற்பது ஒரு எழுத்து. நுனி மேல்பல்லைத் தொடுவது இன்னொன்று. உதடு இரண்டும் மூடியிருப்பதற்கு ஒரு சதுரம். அதுதான் 'ம்'.

ஃபிட்டருக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் எழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தது வாய் என்கிற மெஷினின் டிராயிங். எந்தப் பாகம் எங்கே போய் முட்டினால் என்ன சத்தம் என்று வரைந்து வைத்திருக்கிறார்கள். பார்த்தால் போதும், கேட்க வேண்டியதில்லை.

நான் வாய்களைப் பார்க்கத் தொடங்கினேன். ஃபேக்டரியில், டீக்கடையில், பஸ்ஸில். தமிழிலும் நாக்கு அதே இடங்களில்தான் முட்டுகிறது. பாதிப் பாதியாகப் புரிய ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து சரோஜாவின் வாயைப் பார்த்தேன். நான் முழுதாகப் படித்த முதல் வாக்கியம் இது:

"நாங்க தொண்ட கிழியக் கத்துனாலும் தொரைக்குக் கேக்காது. அந்தம்மா முணுமுணுத்தாப் போதும், புரிஞ்சு போகுது."

பக்கத்து வீட்டுக்காரியிடம் வேலிக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேலும் ஒரு வாரம் அவளைப் பார்த்தேன். இதை எழுதத்தான் இந்த வாரம் இவ்வளவு சுற்றி வந்தேன். வேலிக்கு மேலே அவள் வாய் நிற்காமல் ஓடும். ரவிக்கை தைக்க வருகிறவர்களிடம் சிரிக்கும், சண்டை போடும். என் பக்கம் திரும்பினால் மூடிக்கொள்ளும். 'சாப்பாடு.' 'தண்ணி வருது.' அவ்வளவுதான். மிச்ச நேரமெல்லாம் அந்தச் சதுரம்.

இரண்டு வருடமாக அவள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை என்று பதறிக்கொண்டிருந்தேன். கொஞ்ச காலமாகக் கேட்பதற்கு அங்கே ஒன்றுமே இருந்திருக்கவில்லை. எப்போது நிறுத்தினாள் என்று தெரியாது. நிறுத்தியதும் எனக்குக் கேட்கவில்லை.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஃபேக்டரிக்குத் தெரியும், ஃபேக்டரிக்குத் தெரிந்தால் வேலை போகும் என்று பயம். அடுத்த லீவில் மறுபடி மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினேன். புளிப்பு மிட்டாயோடு.

இடப் பக்கம்

மகளின் படிப்பு முடிந்து ஹேசுன் கிளம்பும் நாள் வந்தது. காலை வெயிலில் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, ஒரு காகிதச் சுருளை இரண்டு கையாலும் பிடித்துச் சரோஜாவிடம் கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை. குனிந்து வணங்கினார். டாக்ஸி போன பிறகுதான் அவள் அதைப் பிரித்தாள்.

தையல் மெஷின். அதன்முன் ஒரு பெண், வாய் திறந்து. அந்த வாயிலிருந்து கறுப்புப் புள்ளிகள், கோடுகள், தூறலாகவும் சடசடவென்றும் அறையைத் தாண்டி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளை நோக்கிப் போகின்றன. அவன் இடது காதுக்கு ஒரு சாண் முன்னால் எல்லாம் நின்றுவிடுகின்றன. அங்கே காகிதம் வெறும் காகிதமாக இருந்தது. கீழே அவர்கள் எழுத்தில் ஒரு வரி. எனக்கு அதற்குள் அதைப் படிக்கத் தெரிந்திருந்தது. ஸொபொக் ஸொபொக்.

என் காது விஷயம் வீட்டுக்குத் தெரியும் என்றே அவர் நினைத்திருக்க வேண்டும். உதட்டில் நான் வைத்த விரலுக்கு அவர் ஊரில் வேறு அர்த்தமா, அல்லது தெரிந்தேதான் செய்தாரா என்று இன்றும் யோசிக்கிறேன்.

"இது நீங்கதானுங்களா?" என்றாள் சரோஜா. முகத்துக்கு நேரே இருந்ததால் படித்தேன். "காதுகிட்ட மட்டும் எதுக்குப் பெயின்ட் அடிக்காம உட்டிருக்காங்க?"

"தீந்து போயிருக்கும். நம்மூரு கடையில அந்தக் கலரு கெடைக்காது."

அவள் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். படத்தை மேஜையில் வைத்துவிட்டு, மெதுவாக என் நாற்காலியைச் சுற்றி இடப் பக்கமாகப் போய்ப் பின்னால் நின்றாள். பலகைத் தரை அமுங்கியதில் நிற்கிறாள் என்று தெரிந்தது. பிறகு காதோரம் மூச்சு சூடாகப் பட்டது. ஏதோ சொன்னாள். சின்னதாக இல்லை, கொஞ்ச நேரம் சொன்னாள்.

நான் எதற்கும் பொருந்துகிற மாதிரி ஒரு சிரிப்பு வைத்திருந்தேன். அதைச் சிரித்தேன்.

திரும்பினால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"எத்தன நாளாங்க?"

"ரெண்டு வருசம்."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

"பஸ்ல தொறந்துக்கும்னு..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் அந்த வாக்கியம் எனக்கே சகிக்கவில்லை.

அவள் என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரிகிற மாதிரி சொன்னாள். "உங்களுக்கு என்னயப் புடிக்காமப் போச்சுன்னு நெனச்சனுங்க. மேட்டுப்பாளையத்துல ஆருமில்லீனாலும், என்னய மட்டும் புடிக்கலீன்னு. அதயே நெனச்சுட்டு இருந்தேன், ரெண்டு வருசமா."



அடைத்த காதும் அடைக்காத காதும்

மறுவாரம் கோயம்புத்தூரில் காது டாக்டர். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதுக்குள் சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியே இருந்த பெண் சத்தம் அனுப்பும்போது அவள் தோள் லேசாக அசைவதைப் பார்த்துவிட்டேன். அசையும்போதெல்லாம் அழுத்தினேன். அருமையான ரிசல்ட் வந்தது. அவள் சந்தேகப்பட்டு என்னைச் சுவர் பார்க்கத் திருப்பி உட்கார வைத்தாள். பிறகு வந்ததுதான் உண்மையான ரிசல்ட்.

டாக்டர் எப்போது தொடங்கியது என்று கேட்டார். பஸ் கதையைச் சொன்னேன். அந்தக் கதையைக் கேட்ட முதல் வெளியாள் அவர், சிரிக்கவே இல்லை. எழுதிக்கொண்டே சொன்னார், எனக்கு விளங்கட்டும் என்று சரோஜா அதை என் முகத்துக்கு நேரே திருப்பிச் சொன்னாள். அது அடைப்பு இல்லை, நரம்பு. ஒரே நாளில் போயிருக்கிறது. முதல் இரண்டு வாரத்துக்குள் வந்திருந்தால் மருந்து கொடுத்து முயற்சி பண்ணியிருக்கலாம். வலது காது மெஷின் சத்தத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அந்த முதல் இரண்டு வாரத்தில் நான் இரண்டு தடவை மேட்டுப்பாளையம் போய் வந்திருந்தேன்.

ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கிற டீ மேக்கரிடம் சொல்ல நாலு நாள் தைரியம் சேர்த்துக்கொண்டு போனேன். அவர் கேட்டுவிட்டு ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார்: 'எல்லாருக்கும் தெரியும் முருகேசு. நீ பாத்துட்டுப் போனப்பறம் ஒவ்வொரு பேரிங்கையும் இன்னொரு ஃபிட்டர் பாத்துட்டுத்தான் இருக்கான், ஒரு வருசமா. ஊட்டுலயும் தெரியும்னு நெனச்சோம்.'

ஆக, என் தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தவன் நான் ஒருவன். அதற்கு வெளியே மாட்டிக்கொண்டவள் சரோஜா ஒருத்தி. மற்ற எல்லோரும் இரண்டு பக்கமும் சாதாரணமாகப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அந்தப் பஸ்ஸுக்கு ஒரு நிமிடம் போகிறேன். அதே கண்டக்டர். பக்கத்தில் சரோஜாவைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் டிக்கெட் கிழித்தார். ஜன்னலோரம் போகச் சொன்னால் அவள் மறுத்து, என் வலப் பக்கம் வருகிற மாதிரி சீட்டைப் பார்த்து உட்கார்ந்தாள். பாதி மலையில் வலது காது அடைத்தது. எச்சில் முழுங்கினேன். டப். திறந்தது. ஒரு பழக்கத்தில் இன்னொரு தடவையும் முழுங்கினேன்.

இடது காது திறக்கவில்லை. என்னை மெஷின் பக்கத்திலிருந்து எடுத்து மேல்மாடியில் இலை வாட்டுகிற இடத்துக்கு மாற்றினார்கள். இரண்டு மழைக்காலம் கழித்து வலது காதும் ஏறக்குறைய போய்விட்டது. காதுக் கருவி வைத்தால் யாரோ பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரியும். ஹேசுனிடமிருந்து பிறகு தகவல் இல்லை. படம் தையல் மெஷினுக்கு மேலே மாட்டியிருக்கிறது.

அன்று என் இடப் பக்கம் நின்று என்ன சொன்னாய் என்று போன மாதம் சரோஜாவிடம் கேட்டேன். நூலைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஞாபகம் இல்லீங்க" என்றாள்.